லைக் வருது, ஆர்டர் வரலை: ஆன்லைனில் விற்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலிருந்தே ஆன்லைனில் விற்பவர்கள் மார்க்கெட்டிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் (வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) பாதிக்கு மேல் ஒரே கேள்வி: விளம்பரம் கொடுத்தேன், விற்கவில்லை, ஏன்? சரி, அதிலிருந்தே தொடங்கிவிடுவோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: இன்ஸ்டாகிராமில் சுங்குடி சேலை விற்கிறேன். போன மாதம் 'பூஸ்ட்' பட்டனை அழுத்தி 6,000 ரூபாய் செலவு செய்தேன். ஃபாலோயர்ஸ் கூடினார்கள், 'பிரைஸ் ப்ளீஸ்' என்று கமென்ட் வந்துகொண்டே இருந்தது. விற்றது நாலே நாலு சேலை. விளம்பரமே வேஸ்ட்டா?

பதில்: நீங்கள் கேட்டதை இன்ஸ்டாகிராம் சரியாகவே கொடுத்திருக்கிறது, கேட்டதில்தான் கோளாறு. பூஸ்ட் பட்டனை அழுத்தியதும், புரொஃபைலைப் பார்க்க ஆள் வரணுமா, வெப்சைட்டுக்குப் போகணுமா, மெசேஜ் வரணுமா என்று ஒரு கேள்வி வரும். பெரும்பாலானவர்கள் அதைப் படிக்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். புரொஃபைலுக்கு ஆள் வேண்டும் என்று சொன்னால், கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களாகத் தேடிப்பிடித்து அது காட்டும். அவர்கள் சேலை வாங்குவார்களா என்பது அதற்குக் கவலையில்லை. உங்களுக்குத் தேவை மெசேஜ், அதுவும் நேராக வாட்ஸ்அப்பில் வந்து விழும் மெசேஜ், அதனால் அடுத்த முறை அதைத் தேர்ந்தெடுங்கள். யாருக்குக் காட்ட வேண்டும் என்பதையும் 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு, பெண்கள், இத்தனை வயதுக்கு மேல் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வயதை ஊகிக்க வேண்டாம், இதுவரை உங்களிடம் வாங்கியவர்கள் யார் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது இந்த 'பிரைஸ் ப்ளீஸ்'. விலையை ஏன் மறைக்கிறீர்கள்? கேட்கட்டும், பேச்சுக் கொடுத்து விற்றுவிடலாம் என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. கேட்டவருக்கு நீங்கள் மூன்று மணி நேரம் கழித்துப் பதில் போடுவீர்கள், அதற்குள் அவர் இன்னொரு பக்கத்தில் விலை பார்த்து வாங்கி முடித்திருப்பார், கேட்கவே கூச்சப்பட்டுப் போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சேலையின் படத்திலேயே விலை இருக்கட்டும், பக்கத்தில் தபால் செலவு உள்பட என்றோ தனி என்றோ இருக்கட்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் இல்லாதது இதுதான். ஒரு சேலை 850 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்கின விலை 520, கவர், டேப், அட்டை 25, கூரியர் 70. மிச்சம் 235. அப்படியானால் 6,000 ரூபாயை எடுக்கவே 26 சேலை விற்றிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்கள் உழைப்புக்கு ஒரு ரூபாய். (விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதையும் செலவில் சேர்த்துக் கொள்ளுங்கள்.) இந்த 235 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் விளம்பரத்துக்கு அதிகபட்சம் 100 ரூபாய்தான் தருவேன் என்று முடிவு செய்துவிடுங்கள். பிறகு 500 ரூபாய்க்கு மட்டும் விளம்பரம் போட்டுப் பாருங்கள். ஐந்து சேலை போனால் தொடரலாம். இரண்டுதான் போனது என்றால் ஒரு சேலைக்கு 250 ரூபாய் விளம்பரச் செலவு, நிறுத்திவிட்டுப் படத்தையோ சேலையையோ மாற்றுங்கள். லைக், ரீச் (எத்தனை பேர் கண்ணில் பட்டது), வியூஸ் எதையும் பார்க்க வேண்டாம்.

எந்தச் சேலைக்கு விளம்பரம் கொடுப்பது? விற்காததைத் தள்ளிவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். விளம்பரமே இல்லாமல் நன்றாகப் போன சேலைக்குக் கொடுங்கள், அதைத்தான் முன்பின் தெரியாதவரும் வாங்குவார்.

கடைசியாக ஒன்று. இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி மெழுகுப் பிரின்ட், ஸ்க்ரீன் பிரின்ட். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் அசல் வேலை இப்போது அபூர்வம். உங்களிடம் இருப்பது எது? முடிச்சுச் சேலையாக இருந்தால், முடிச்சை அவிழ்க்கும் அந்தப் பத்து விநாடியை வெயில் வெளிச்சத்தில் வீடியோ எடுத்துப் போடுங்கள், அதற்கு நிகரான விளம்பரம் கிடையாது. பிரின்ட் என்றால் பிரின்ட் என்றே எழுதுங்கள். நீளம் எத்தனை மீட்டர், பிளவுஸ் துணி சேர்ந்ததா, முதல் அலசலில் சாயம் போகுமா, உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா, இவை அத்தனையும் படத்துக்குக் கீழேயே இருந்தால் பாதி மெசேஜ் மிச்சம்.

தென்காசியிலிருந்து ஒரு வாசகி: இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் செய்து விற்கிறேன். வாங்கியவர்கள் 340 பேர் எண் என்னிடம் இருக்கிறது. தினமும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் விலைப் பட்டியல் அனுப்புகிறேன், பாதிப் பேருக்கு ஒற்றை டிக் மட்டும்தான் விழுகிறது. என்ன செய்வது?

பதில்: பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதிலும், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஒற்றை டிக்குக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், கொஞ்சம் பேர் உங்களை பிளாக் செய்தும் இருப்பார்கள். தினமும் விலைப் பட்டியல் வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆகவே பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: 'இந்த எண்ணை இந்தப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், புதிதாக அரைக்கும் நாளைச் சொல்கிறோம்.' தினசரிப் பட்டியலை இன்றோடு நிறுத்திவிட்டு அதை ஸ்டேட்டஸில் போடுங்கள், பார்க்க விரும்புகிறவர் பார்த்துக்கொள்வார்.

உண்மையில் உங்களிடம் இருக்கும் 340 எண்கள் பெரிய சொத்து. மேலே மதுரை வாசகி ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 100 ரூபாய் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது, உங்களுக்கு அந்தச் செலவு முடிந்துபோன விஷயம். திரும்ப வாங்க வைப்பது மட்டும்தான் பாக்கி. பொடி என்பது தீர்ந்துபோகிற பொருள், சேலைக்காரர்களுக்கு இல்லாத வசதி இது. நாலு பேர் உள்ள வீட்டில் கால் கிலோ இட்லிப் பொடி எத்தனை நாள் வரும் என்று வழக்கமாக வாங்கும் பத்துப் பேரிடம் கேளுங்கள். மூன்று வாரம் என்றால், அனுப்பிய தேதியிலிருந்து பதினெட்டாம் நாள், பத்தொன்பதாம் நாள் அவருக்கு மட்டும் ஒரு மெசேஜ். 'அக்கா, போன தடவை வாங்கின இட்லிப் பொடி தீரப்போகுதுன்னு நினைக்கிறேன். புதன்கிழமை புதுசா அரைக்கிறோம், உங்களுக்குக் கால் கிலோ எடுத்து வைக்கவா?' இவ்வளவுதான். படம் வேண்டாம், ரோஜாப்பூ வேண்டாம், காலை வணக்கம் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில், அது இலவசம்தான், 'லேபிள்' என்று ஒரு வசதி இருக்கிறது. புதியவர், இரண்டாம் முறை வாங்கியவர், காரம் குறைவாகக் கேட்பவர், வெளியூர் மகளுக்கு அனுப்பச் சொல்பவர் என்று பிரித்து வைக்கலாம். தேதிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அதே ஆப்பில் கேட்டலாக் இருக்கிறது, பொருளும் விலையும் அதில் ஏற்றிவிட்டால் 'லிஸ்ட் அனுப்புங்க' என்பவருக்கு ஒரு லிங்க்தான். எல்லோரையும் குரூப்பில் சேர்க்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிவதைப் பெண்கள் பலர் விரும்புவதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது.

தீபாவளிக்கு மட்டும் எல்லோருக்கும் அனுப்பலாம். ஆயுத பூஜை வாரத்திலேயே ஆர்டர் திறந்து, கடைசித் தேதி என்று ஒன்றைச் சொல்லி, அந்தத் தேதியில் உண்மையாகவே மூடிவிடுங்கள். கூரியர்கள் கடைசி வாரத்தில் திணறும், பண்டிகை முடிந்து போய்ச் சேருகிற பலகாரத்தால் ஒரு வாடிக்கையாளர் போனால் போனதுதான்.

உடன்குடியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் கருப்பட்டி கலப்படம் இல்லாதது. 'சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம், சர்க்கரை நோய் கட்டுப்படும்' என்று எழுதினால் நன்றாகப் போகும் என்று நண்பர் சொல்கிறார். எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

பதில்: எழுதுகிறார்கள்தான். நீங்கள் எழுதாதீர்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மருந்துகள், மந்திர நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் வந்துவிட்டது, அதில் உள்ள நோய்ப் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. உணவுப் பொருளுக்கு 2018-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொண்டுவந்த விளம்பர விதிகளும் நோய் தீரும் என்று சொல்ல விடாது. சட்டம் கிடக்கட்டும், விஷயமே தப்பு. கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான், உங்கள் பேச்சை நம்பி ஒருவர் தினமும் இரண்டு துண்டு சாப்பிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுத வேறு எவ்வளவோ இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்வதுதான் எனக்கு ஆச்சரியம். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே அந்தப் பெயர் என்ற சட்டப் பதிவு, இருக்கிறது. பதநீர் எந்த மாதத்தில் இறக்கினது, எந்தத் தேரிக்காட்டுப் (செம்மணல் காட்டுப்) பனை, யார் ஏறுகிறார், காய்ச்ச எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் பதநீருக்கு எத்தனை கிலோ கருப்பட்டி, ஏன் மற்ற கடை விலையை விட உங்களுடையது கூடுதல், இதைச் சொல்லுங்கள். சீனிப்பாகு கலந்த கருப்பட்டி ஊரெல்லாம் ஓடுகிறது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். அவருடைய சந்தேகம் 'இது அசலா' என்பதுதான், நோய் தீருமா என்பது அப்புறம். காய்ச்சும் அடுப்பையும் சிரட்டையில் ஊற்றுவதையும் போனில் எடுத்து வாரம் ஒன்று போட்டாலே அந்தச் சந்தேகத்தில் பாதி தீரும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படமாகப் போடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண், நிகர எடை, அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்த தேதி, உங்கள் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண். சட்டத்துக்காகப் போட வேண்டியதுதான், ஆனால் முகம் தெரியாதவரிடம் பணம் கட்டப் போகிறவருக்கு அந்த ஒரு படம் தரும் தைரியம் தனி.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: தலையாட்டி பொம்மை விற்கிறேன். 'ஃப்ரீ டெலிவரி' போடாவிட்டால் யாரும் வாங்குவதில்லை, போட்டால் கட்டுபடியாகவில்லை. பொம்மை அறுநூறு கிராம்கூட இல்லை, கூரியர்க்காரர் இரண்டரைக் கிலோவுக்குப் பில் போடுகிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: ஏமாற்றவில்லை. எடைக்கு மட்டுமில்லை, வண்டியில் டப்பா பிடிக்கும் இடத்துக்கும் அவர்கள் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்துக் கிடைப்பதைக் கிலோவாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான கூரியர்களின் வழக்கம். உங்கள் டப்பா 30-க்கு 20-க்கு 20 என்றால் 12,000, வகுத்தால் 2.4 கிலோ. உள்ளே பஞ்சு இருந்தாலும் 2.4-தான். பொம்மையின் பாகங்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி அடுக்கினால் டப்பா எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள், இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலும் கணக்கில் தெரியும். எப்படிப் பூட்டுவது என்று ஒரு நிமிட வீடியோ எடுத்து லிங்க்கை டப்பாவில் ஒட்டிவிடுங்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவே ஒரு விளையாட்டு.

ஸ்பீடு போஸ்ட் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தனியார் கூரியர் எட்டாத கிராமத்துக்கும் அது போகும். (பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.) ஃப்ரீ டெலிவரி என்பதில் ஃப்ரீ எதுவும் இல்லை என்று வாங்குகிறவருக்கும் தெரியும், இருந்தாலும் 450 கூட்டல் 120 என்பதை விட 570 என்பது அவருக்கு உறுத்துவதில்லை. ஒரு பொம்மைக்கு விலையிலேயே சேர்த்துவிடுங்கள், ராஜா ராணி ஜோடியாக வாங்கினால் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பார்சல்தானே.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கலாமா? கொடுத்தால் ஆர்டர் கூடுகிறது, ரிட்டர்னும் கூடுகிறது.

பதில்: 299 ரூபாய் டி-ஷர்ட்டில் உங்களுக்கு 70 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். வாங்காமல் திரும்பி வந்தால் போக 60, வர 60, மொத்தம் 120 போச்சு. ஒரு ரிட்டர்ன் கிட்டத்தட்ட இரண்டு விற்பனையின் லாபத்தை விழுங்குகிறது, அதனால் மூன்றில் ஒன்று திரும்பினால் மாதம் முழுக்க உழைத்துக் கூரியர் கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுத்ததாக அர்த்தம். முழுதாக நிறுத்த வேண்டாம், ஊரில் பலருக்கு முன்பணம் கட்டுவதில் இன்னும் பயம் இருக்கிறது. 100 ரூபாய் முன்பணம், மீதி கையில் என்று வையுங்கள். முழுப் பணமும் முன்பே கட்டுகிறவருக்கு 30 ரூபாய் குறையுங்கள். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் அனுப்பும் முன் போன் செய்யுங்கள், எடுக்காதவருக்கு அனுப்பாதீர்கள்.

யு.பி.ஐ. பணத்துக்கு ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்ட வேண்டாம். போலி ஸ்க்ரீன்ஷாட் செய்வது எளிது. உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள், தீபாவளி அவசரத்திலும்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ போன்றவற்றில் விற்கலாமா, சொந்தமாகவே விற்கலாமா? ஜி.எஸ்.டி. இல்லாமல் சேர முடியாது என்கிறார்களே?

பதில்: ஜி.எஸ்.டி. விஷயத்தில் அவர்கள் சொல்வது பழைய கதை. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் வரம்புக்குள் (தமிழ்நாட்டில் பொருள்களுக்கு 40 லட்சம் ரூபாய்) இருக்கும் சிறு விற்பனையாளர்கள் பதிவுக்குப் பதிலாக ஒரு என்ரோல்மென்ட் எண் மட்டும் வாங்கிக்கொண்டு இந்தத் தளங்களில் விற்கலாம், ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். பெங்களூருக்கு அனுப்ப வேண்டும் என்றால் பதிவு தேவைப்படும். இன்ஸ்டாகிராமில் விற்றாலும் இதே கதைதான், வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் 40 லட்சம் வரம்பு உதவாது, இது பலருக்குத் தெரிவதில்லை. கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு, உங்கள் பொருள் அதில் வருமா என்று ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

விற்கலாமா என்றால், ஒன்றிரண்டு பொருளை மட்டும் போட்டுப் பாருங்கள். கூட்டம் அங்கேதான் இருக்கிறது, அதற்கு அவர்கள் கட்டணம், அனுப்பும் செலவு, ரிட்டர்ன் என்று பல வழியில் எடுத்துக்கொள்வார்கள், அதனால் அந்த ஒரு ஆர்டருக்கு மிச்சம் எவ்வளவு என்ற கணக்கை அந்தத் தளத்துக்கென்று தனியாகப் போட வேண்டும். இதை விடப் பெரிய விஷயம், வாங்கியவர் உங்கள் வாடிக்கையாளர் ஆக மாட்டார். அவர் போன் எண்ணை வைத்து நீங்கள் தென்காசி வாசகி போல மெசேஜ் அனுப்ப முடியாது. பார்சலுக்குள் 'அடுத்த முறை நேராக எங்களிடம் வாங்குங்கள்' என்று சீட்டு வைத்தால் அமேசான் கணக்கையே முடக்கக்கூடும். என் யோசனை: புது ஆட்களுக்கு உங்கள் பெயர் தெரிய அங்கே இருங்கள், சிறந்த பொருளையும் சலுகையையும் உங்கள் சொந்தப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: பெட்ஷீட், திரைச்சீலை விற்கிறோம். ஒரு லட்சம் ஃபாலோயர்ஸ் உள்ள ஒரு பக்கத்தில் ரீல்ஸ் போட 15,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ஆர்டருக்கு உங்களுக்கு 150 ரூபாய் நிற்கிறது என்றால் நூறு ஆர்டர் வந்தால்தான் முதல் திரும்பும். அந்தப் பக்கத்தால் நூறு ஆர்டர் தர முடியுமா? கண்டுபிடிக்க வழி உண்டு. இன்சைட்ஸ் ஸ்க்ரீன்ஷாட் கேளுங்கள்: கடந்த 30 நாளில் எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள், ஆணா பெண்ணா, என்ன வயது. ஒரு லட்சத்தில் பாதி வட இந்தியாவிலோ, பதினெட்டு வயதுப் பையன்களாகவோ இருந்தால் பெட்ஷீட் யார் வாங்குவது? தர மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் இதற்கு முன் விளம்பரம் செய்த சின்னக் கடைகள் மூன்றுக்கு மெசேஜ் போட்டு எத்தனை ஆர்டர் வந்தது என்று கேளுங்கள், அடிபட்டவர்கள் மனசு விட்டுச் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் உள்ள, வீடு சுத்தம் செய்வது, சமையலறை அடுக்குவது என்று தமிழில் பேசும் பக்கங்கள் மூன்றுக்கு ஒரு பெட்ஷீட்டும் சின்னத் தொகையும் கொடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தள்ளுபடிக் குறியீடு (டிஸ்கவுன்ட் கோட்) கொடுங்கள், ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று எண்ணிவிடலாம். காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் காட்ட வேண்டும், 2023 ஜனவரியில் மத்திய அரசு இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம், ஆகவே பணம் கொடுக்கும் முன் அதையும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்: சொந்தக்காரர்களை வைத்து ஐந்து ஸ்டார் ரிவ்யூ போடலாமா?

பதில்: கூடாது. வாடிக்கையாளர் போல நடித்து விற்பனையாளரே ரிவ்யூ எழுதுவதை 2020 இ-காமர்ஸ் விதிகள் தடை செய்கின்றன. சித்தப்பாவின் ரிவ்யூ படிக்கும்போதே தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். பொருள் கிடைத்து நாலைந்து நாள் கழித்து, 'எப்படி இருந்தது?' என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருந்தது என்று பதில் வந்தால் அதையே போடலாமா என்று அனுமதி கேட்டு, பெயரையும் எண்ணையும் மறைத்துப் போடுங்கள். குறை சொன்னால் முதலில் பணமோ மாற்றுப் பொருளோ, விளக்கம் பிறகு.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: கூகுள் மேப்பில் கடை வர வேண்டும், ஆனால் வீட்டு முகவரி தெரியக்கூடாது. முடியுமா? ஒருவர் போனில் 'கூகுளிலிருந்து பேசுகிறோம், 4,000 ரூபாய் கட்டினால் முதலில் வரும்' என்றார்.

பதில்: முதலில் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல் முழுக்க இலவசம், பணம் கட்டி அதில் முதலிடம் வாங்க முடியாது. முழுக்க ஆன்லைனில் மட்டும் விற்று, வாடிக்கையாளரை நேரில் பார்க்கவே மாட்டீர்கள் என்றால் அவர்கள் விதிப்படி அதில் சேர இடமில்லை. பக்கத்து ஊர்களுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, கொடுக்கும் பகுதிகளை மட்டும் காட்டலாம்.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் பெரம்பூரில் செய்யும் கடலை மிட்டாய்க்கு 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று பெயர் வைக்கலாமா? வைக்கக்கூடாது என்றால், சொந்தப் பெயரைப் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்?

பதில்: வைக்கக்கூடாது. 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அந்தப் பெயர் அங்கே செய்பவர்களுக்கு உரியது. பெரம்பூர் என்றே வையுங்களேன், சென்னைக்காரர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். டிரேட் மார்க் விண்ணப்பத்துக்குத் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய் அரசுக் கட்டணம், தின்பண்டத்துக்கு 30-ஆம் வகுப்பு. கிடைத்தால் பத்து ஆண்டு செல்லும். விண்ணப்பிக்கும் முன், அட்டைப்பெட்டி அச்சடிக்கும் முன்பே, டிரேட் மார்க் துறையின் தளத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: வெப்சைட் அவசியமா? 25,000 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: மாதம் பத்து ஆர்டர் வருகிறபோது வேண்டாம். ஒரே கேள்விகளுக்குப் பதில் தட்டியே ராத்திரி பதினொரு மணி ஆகிறது என்ற நிலை வரும்போது யோசியுங்கள். அப்போதும் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே ஒவ்வொரு ஆர்டரிலும் சுமார் 2 சதவீதமும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் எடுக்கும் என்பதை மிச்சக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டொமைன் பெயரை (வெப்சைட்டின் முகவரியை) மட்டும் இப்போதே வாங்கிவிடலாம், சாதாரணப் பெயர் என்றால் பெரிய செலவில்லை. அதை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம் சார்' என்று வெப்சைட் செய்பவர் தன் பெயரில் வாங்கிவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது அவர் சொன்னதுதான் விலை என்று தவிக்கிற கடைக்காரர்களின் கடிதம் இந்த முறையும் மூன்று வந்திருக்கிறது. இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொடங்கித் தரும் தம்பிக்கும் இது பொருந்தும், பாஸ்வேர்டும் பதிந்த போன் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும்.